நீரியலும் வளிமண்டலமும் ஒரே துறையில் எதற்கு? அரிசோனா பல்கலைக்கழகத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "சிவில் முடித்திருக்கிறேன். நீர்வளத்தில் மேற்படிப்புக்குத் தேடியபோது, அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நீரியலும் வளிமண்டல அறிவியலும் ஒரே துறையாக இருப்பதைப் பார்த்தேன். எதற்காகச் சேர்த்தார்கள்? அங்கே என்னதான் செய்கிறார்கள்? சிவில் படித்தவர் போனால் எங்கே திணறுவார்?"

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வறண்ட பகுதியில் ஒரு நீர்ப்பிடிப்பு, அதாவது பெய்யும் மழை ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு. வருடத்துக்கு 300 மி.மீ. மழை. அதில் 280 மி.மீ. மண்ணிலிருந்தும் செடிகொடிகள் வழியாகவும் ஆவியாகிக் காற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 20 மி.மீ. காட்டாற்றில் ஓடுவதும் நிலத்தடியில் ஊறுவதும் எல்லாம் அந்த 20-க்குள்தான். இப்போது மழைமானி 5 சதவீதம் கூட்டிக் காட்டினால் 15 மி.மீ. பிழை. ஆவியாதலை 5 சதவீதம் குறைத்து மதிப்பிட்டால் இன்னொரு 14. இரண்டும் சேர்ந்தால் 29. நாம் கண்டுபிடிக்கப் போன தண்ணீரே 20 மி.மீ.தான்!

இந்தக் கணக்கில் பெரிய எண்கள் இரண்டும் வளிமண்டலக்காரர்கள் பக்கம், சின்ன எண்கள் நம் பக்கம். நீரியல் பாடத்தில் மழை என்பது "கொடுக்கப்பட்டது". ஆவியாதல் என்பது கழித்தால் வருவது. வானிலை பாடத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும்: மண் ஈரமா, காய்ந்ததா என்பது அவர்களுக்குக் "கொடுக்கப்பட்டது", மழை தரையைத் தொட்டதும் வேலை முடிந்தது. ஒருவர் கொடுத்த எண்ணை அடுத்தவர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார். பிழை குடியிருப்பது இந்தக் கைமாற்றத்தில்தான். ஈரமான நாட்டில் இதைக் கண்டுகொள்ளாமல் காலம் தள்ளலாம், பாலைவனத்தில் முடியாது. அந்தத் துறை அரிசோனாவின் பாலைவன நகரமான டூசானில் இருப்பது தற்செயல் இல்லை.

டூசானின் வருட மழை சராசரியாக 270 மி.மீ. அளவில். அதில் ஏறத்தாழ பாதி, சுமார் 145 மி.மீ., வட அமெரிக்கப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. 2008-லிருந்து அந்தக் காலத்தை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று தேதி வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்னால் காற்றின் ஈரம்தான் அடையாளம்: பனிநிலை, அதாவது காற்று குளிர்ந்து பனித்துளி விடத் தொடங்கும் வெப்பநிலை, தொடர்ந்து மூன்று நாள் சராசரியாக 54 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 12 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் பருவமழை தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த மழை எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு இரண்டே வருடங்கள் போதும். 2020 பருவத்தில் டூசானில் 41 மி.மீ.; அடுத்த வருடமே 325 மி.மீ. ஒரே ஊர், ஒரே மானி.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வளிமண்டல இயற்பியல் நிறுவனம் 1954-ல் தொடங்கியது. நீரியலுக்கென்று தனித் துறை 1960-களில் வந்தது. சிவிலுக்கோ நிலவியலுக்கோ கிளையாக இல்லாமல் நீரியல் தனியாக நின்ற முன்னோடி இடங்களில் அது ஒன்று. இரண்டும் அரை நூற்றாண்டு பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்து, 2016-ல் ஒரே துறையாயின. மாணவர்கள் வருடா வருடம் நடத்தும் ஆய்வரங்கின் பெயரில்கூட இதைப் பார்க்கலாம். "எல் தியா தெல் ஆகுவா", அதாவது தண்ணீர் நாள் என்று இருந்தது, இப்போது "தண்ணீருக்கும் வளிமண்டலத்துக்குமான நாள்".

அந்தப் பழைய காலத்திலிருந்து ஒன்றை மட்டும் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் இன்றும் வறட்சி வந்தால் கிளம்பும் பேச்சு அது: மேக விதைப்பு. 1957 முதல் 1964 வரையான ஆண்டுகளில் டூசானை ஒட்டிய சாந்தா கத்தலினா மலைகளின் மேல் விமானத்திலிருந்து சில்வர் அயோடைடு தூவிச் சோதித்தார்கள். சோதனையின் அமைப்புதான் பாடம். மழைக்கு ஏற்ற நாட்களை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, எந்த நாளில் விதைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். "நன்றாக மேகம் திரண்ட நாளில் தூவிவிட்டு, பெய்த மழையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்" வழி இதனால் அடைபட்டது. முடிவு: விதைத்த நாட்களில் மழை கூடியதற்கு ஆதாரம் இல்லை. கோடை வெப்பச்சலன மேகம், அதாவது தரைச் சூட்டில் காற்று மேலெழுந்து திரளும் மேகம், நாளுக்கு நாள் அவ்வளவு மாறுகிறது. இப்படிக் குலுக்கிப் போடாமல், ஒப்பிட்டுப் பார்க்க விதைக்காத நாளும் இல்லாமல் யாராவது "மழையை இத்தனை சதவீதம் கூட்டினோம்" என்றால், அந்த எண்ணுக்கு அடிப்படை இல்லை.

சரி, அங்கே என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அளப்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான்.

சாய்வாளி மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். புனலுக்குக் கீழே ஒரு ஜோடிச் சின்ன வாளி; ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், அடுத்தது நிரம்பத் தொடங்கும், மானி சாய்வுகளை எண்ணும். 8 அங்குல வாய், 0.01 அங்குலத்துக்கு, அதாவது 0.254 மி.மீ.க்கு ஒரு சாய்வு. வாயின் பரப்பு 324 சதுர செ.மீ.; ஆக ஒரு சாய்வுக்கு 8.24 மி.லி. தண்ணீர். களத்தில் சோதிக்க வேண்டுமானால் 824 மி.லி.யை ஊசித்துளை போட்ட பாட்டிலில் ஊற்றி, குறைந்தது முக்கால் மணி நேரமாவது சொட்ட விட வேண்டும். 100 சாய்வு வர வேண்டும். 98-லிருந்து 102 வரை பரவாயில்லை. அவசரப்பட்டு மளமளவென்று ஊற்றினால் 93, 94 என்று வரும். மானி கெட்டுவிட்டது என்று திருகைத் திருப்பத் தொடங்கினால் அப்போதுதான் நிஜமாகவே கெடும். காரணம் எளிது: வாளி சாய்ந்து மறுபக்கம் போக ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு ஏற்கெனவே நிறைந்த வாளிக்கே போய்க் கணக்கில் வராமல் வெளியேறுகிறது. தூறலில் இது ஒன்றுமில்லை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது 9 நொடிக்கு ஒரு சாய்வு. சில சதவீதம் போய்விடும். டூசான் போன்ற இடத்தில் வெள்ளம் வருவதே இந்த மாதிரி மழையில்தான் என்பதால், எந்த நேரத்தில் துல்லியம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் மானி குறைத்துச் சொல்கிறது. புழுதியும் சிலந்தி வலையும் புனலை அடைப்பது தனி. அடைபட்ட மானியைத் தரவிலேயே கண்டுபிடிக்கலாம்: அக்கம்பக்க மானிகளில் மழை நின்ற பிறகும் இது மட்டும் மணிக்கணக்கில் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

மானி சரியாக இருந்தாலும் அது நிற்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது. வெப்பச்சலன மழையின் கரு சில கிலோமீட்டர் அகலம்தான். இந்தத் தெருவில் வெள்ளம், அடுத்த தெருவில் புழுதி என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டூசானுக்குத் தென்கிழக்கே டூம்ஸ்டோன் ஊரை ஒட்டி வால்நட் கல்ச் என்றொரு ஆய்வு நீர்ப்பிடிப்பு இருக்கிறது. அமெரிக்க வேளாண்துறை 1950-களின் தொடக்கத்திலிருந்து நடத்துவது. பல்கலைக்கழகத்தினர் தலைமுறை தலைமுறையாக அதன் தரவைப் பயன்படுத்துகிறார்கள். பரப்பு சுமார் 150 சதுர கி.மீ., அதில் கிட்டத்தட்ட 90 மழைமானிகள். இவ்வளவு நெருக்கமாக வைத்ததால்தான் ஒரே மழை நீர்ப்பிடிப்பின் ஒரு மூலையில் மட்டும் பெய்துவிட்டுப் போவது தெரிகிறது. அங்கே இன்னொரு விசித்திரம்: மேலே பெருகிய வெள்ளம் கீழே வர வரச் சிறுக்கிறது. வழியெல்லாம் காய்ந்த மணற்படுகை குடித்துவிடுகிறது. கிளை ஆறுகள் சேரச் சேர ஓட்டம் கூடும் என்று படித்து வந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். படுகையில் போகும் இந்த இழப்பைச் சேர்க்காத எந்த வெள்ள மாடலும் அந்த ஊரில் செல்லாது.

மானி போதாது, ராடார் வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் வளிமண்டலப் பாடம் வேலைக்கு வருகிறது. டூசான் பகுதிக்கான வானிலை ராடார் எம்பயர் மலைகளில் இருக்கிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கற்றை 100 கி.மீ. தூரத்தில், பூமியின் வளைவையும் சேர்த்தால், ராடாரைவிட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ராடாரே மலைமேல் நிற்பதால், கடல்மட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துளியைத்தான் அது பார்க்கிறது. கீழே உலர்ந்த காற்று. துளி தரைக்கு வருமுன் பாதியோ முழுவதுமோ ஆவியாகிவிடும். திரையில் மழை, தரையில் ஒன்றுமில்லை. இன்னொரு நாள் மேகத்தில் ஆலங்கட்டி. எதிரொலி பலமாக வர, எதிரொலியை மழையாக மாற்றும் சூத்திரம் இல்லாத மழையைக் கொட்டித் தீர்க்கும். எந்த நாள் எந்தப் பிழை என்பது அன்றைய காற்றின் செங்குத்து அமைப்பைப் பார்த்தால்தான் தெரியும். பலூன் ஏவி எடுத்த வரைபடத்தில், மேகத்தின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே என்று இருந்தால், ராடார் சொல்லும் மழையில் கொஞ்சத்தைத் தள்ளுபடி செய்துதான் கணக்கில் எடுக்க வேண்டும். நீரியல் மட்டும் படித்தவர் ராடார் தொகுப்பை இறக்கி அப்படியே மாடலுக்குள் ஊற்றுவார்.

நேரக் குழப்பம் என்ற ஒன்றை ஏனோ யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அரிசோனாவில் கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் வழக்கம் இல்லை. வருடம் முழுக்க உலக நேரத்துக்கு 7 மணி பின்னால். ஆக உலக நேரப்படி நாள் மாறும் நள்ளிரவு, அங்கே மாலை 5 மணி. பருவமழை இடியோடு இறங்குவது பெரும்பாலும் பிற்பகல் கடைசியிலிருந்து முன்னிரவுக்குள். மாடல் வெளியீட்டை உலக நேரப்படி நாள்கணக்காகக் கூட்டினால், ஒரே மழை இரண்டாக வெட்டுப்பட்டு இரண்டு தேதிகளில் விழும். காலை 7 மணிக்குப் படிக்கும் மானியோடு அதை ஒப்பிட்டுவிட்டு "மாடல் மோசம்" என்று எழுதுபவர்கள் உண்டு. இந்தியத் தரவிலும் இதே பொறி இருக்கிறது: நம் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது, அன்றைய தேதியில் இருக்கும் மழையின் பெரும்பகுதி நேற்றுப் பெய்தது. இதோடு, டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாடலில் மழை என்பது ஓட்டம் தொடங்கியதிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண். முந்தைய மணியின் எண்ணைக் கழிக்காமல் எடுத்தால், மழை நிற்காமல் பெய்துகொண்டே இருக்கும்.

ஆவியாதலை நேரடியாக அளக்க 'எட்டி கோவேரியன்ஸ்' கோபுரம் வைக்கிறார்கள். ஒலி அலையால் காற்றின் மேல்-கீழ் வேகத்தையும், அகச்சிவப்புக் கதிரால் நீராவியையும் நொடிக்கு 10 அல்லது 20 முறை அளந்து, அரை மணிக்கு ஒருமுறை இரண்டின் சேர்ந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவது. விடை சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று வரும். நமக்கு வேண்டியது மில்லிமீட்டர். மனதில் வைத்துக்கொள்ள ஓர் எண்: நாளுக்கு 1 மி.மீ. ஆவியாதல் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 28.4 வாட். இந்தக் கோபுரங்களில் எல்லாரும் அறிந்த ஒரு தலைவலி உண்டு. உள்ளே வந்த கதிர்வீச்சு ஆற்றலும், வெப்பமாகவும் நீராவியாகவும் வெளியே போன ஆற்றலும் பொருந்துவதில்லை. 10 முதல் 30 சதவீதம் வரை காணாமல் போவது சாதாரணம். கருவியின் கண்ணாடியில் ஒரு துளி உட்கார்ந்தாலே அந்த அரை மணித் தரவு போச்சு. அதாவது, மழை பெய்து ஆவியாதல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் தரவில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை வறண்ட நாட்களின் சராசரியால் அடைத்தால் மொத்தம் குறையும். நீங்கள் போய்ச் சேரும் ஆய்வுக்குழு இந்த ஓட்டைகளை எப்படி அடைக்கிறது என்பதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

மண் ஈரத்துக்கு அரிசோனாக்காரர்கள் கொண்டுவந்த வழி அழகானது. விண்வெளிக் கதிர்கள் மண்ணில் மோதி நியூட்ரான்களைக் கிளப்புகின்றன. ஹைட்ரஜன், அதாவது பெரும்பாலும் தண்ணீர், அவற்றின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. மண் ஈரமானால் மேலே வரும் வேக நியூட்ரான் குறையும். தரைக்கு மேலே ஒரு கருவி வைத்து எண்ணினால், கையளவு மண்ணுக்குப் பதில் பல ஏக்கர் பரப்பின் சராசரி ஈரம் கிடைக்கிறது. மாரெக் ஸ்ரெடாவின் குழு 2008-ல் இதை வெளியிட்டு, காஸ்மோஸ் என்ற பெயரில் கருவி வலையமைப்பாக விரித்தது. கருவியைப் பொருத்திவிட்டு வந்துவிட முடியாது. 25, 75, 200 மீட்டர் என்ற மூன்று வட்டங்களில், ஆறு திசைகளில், மொத்தம் 18 இடங்களில், 30 செ.மீ. ஆழம் வரை 5 செ.மீ.க்கு ஒன்றாக மண் எடுக்க வேண்டும்: 108 மாதிரிகள். ஒவ்வொன்றையும் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போட வேண்டும். முதலில் கருவி பார்க்கும் வட்டம் சுமார் 300 மீட்டர் ஆரம் என்று சொன்னார்கள். 2015-ல் வந்த மறுகணக்கு அதை 130 முதல் 240 மீட்டருக்குள் கொண்டுவந்தது. கருவிக்கு அருகிலுள்ள மண்ணின் பங்கும் நினைத்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. கூடவே, காற்றழுத்தத்துக்குத் திருத்தம், காற்றிலுள்ள நீராவிக்குத் திருத்தம். பருவமழைக்கு முன்னும் பின்னும் காற்றின் ஈரம் பல மடங்கு மாறும் ஊரில் இந்த இரண்டாவது திருத்தத்தை விட்டால், காற்றின் ஈரம் மண்ணின் ஈரமாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு பாடமும் ஒரே கருவிக்குள் இருப்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

அடுத்தது, கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு மலைச்சரிவு. டூசானுக்கு வடக்கே ஆரகிள் அருகில் பயோஸ்ஃபியர் 2 என்ற கண்ணாடிக் கூடம் இருக்கிறது. அதற்குள் மூன்று செயற்கைச் சரிவுகள்: 30 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு அரைத்த எரிமலைக் கல், சராசரிச் சாய்வு 10 டிகிரி. மேலே செயற்கை மழை, அடியில் எடை மானிகள், உள்ளே ஆயிரக்கணக்கில் உணரிகள். 2013 பிப்ரவரியில் முதல் சோதனை. மணிக்கு 12 மி.மீ. வீதம் 22 மணி நேரம் மழை. தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கிக் கீழ்முனையில் கசிந்து வரும் என்பது மாடல் கணக்கு. நடந்ததோ, மேற்பரப்பிலேயே ஓடை புறப்பட்டுச் சரிவை அரித்து வாய்க்கால் வெட்டிவிட்டது. ஒரே சீரான பொருளை நிரப்பியதாகத்தான் நினைத்தார்கள். பின்னால் மாடலை வைத்து ஆராய்ந்தபோது கிடைத்த நம்பத் தகுந்த விளக்கம்: தண்ணீரோடு நகர்ந்த நுண்துகள்கள் கீழ்முனையில் சேர்ந்து, கசிவு வாயை இறுக்கிவிட்டன. வெளியேற வழியில்லாத தண்ணீர் மேலேறி வந்தது. ஒவ்வொரு துளியும் கணக்கில் இருக்கும் இடத்திலேயே கதை இப்படி என்றால், ஒரு வட்டாரத்துக்கு "மண் ஊடுருவல் இவ்வளவு" என்று ஒற்றை எண் போடும் பழக்கத்தைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் தொடர வேண்டும்.

மாடல் பக்கத்திலும் அங்கிருந்து வந்தவை பல இன்று உலகெங்கும் புழங்குகின்றன. வெள்ள மாடலின் அளபுருக்களை, அதாவது நாம் பொருத்த வேண்டிய எண்களை, தானாகத் தேடித் தரும் எஸ்.சி.இ.-யு.ஏ. என்ற முறை, 1992-ல் துவான், சொரூஷியன், குப்தா மூவரும் எழுதியது. பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். செயற்கைக்கோள் படத்திலிருந்து மழையை மதிப்பிடும் பெர்சியான் முறை 1997-ல் அங்கே பிறந்தது. பின்னர் கலிஃபோர்னியாவின் இர்வைனுக்கு இடம் மாறியது. 2009-ல் ஹோஷின் குப்தாவும் சகாக்களும் முன்வைத்த கே.ஜி.இ., அதாவது மாடலின் ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் அளவுகோல், இன்று நிறைய ஆய்வேடுகளில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பழைய நாஷ்–சட்க்ளிஃப் அளவில் பூஜ்யம் என்றால் "சராசரி ஓட்டத்தையே எழுதி வைத்ததற்குச் சமம்" என்று பொருள். கே.ஜி.இ.-யில் அதே நிலைக்கு எண் −0.41. பூஜ்யத்தைத் தாண்டவில்லை என்று மாடலைக் குப்பையில் போடுவதும், 0.3 வந்ததும் நாஷ் 0.3 போலப் படிப்பதும் இரண்டுமே தவறு. மொத்த எண்ணைவிட அதன் மூன்று உறுப்புகளை, அதாவது தொடர்பு, ஏற்ற இறக்க விகிதம், சராசரி விகிதம் ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். சராசரி விகிதம் 0.8 என்றால் மாடலை மட்டும் குறை சொல்லாமல், உள்ளே போன மழையையும் சந்தேகியுங்கள். அளவுதிருத்தம், அதாவது அளபுருக்களை மாற்றி மாற்றிப் பொருத்துவது, பொய்யை மறைப்பதில் கெட்டிக்காரன்: மழை குறைவாகப் பதிவாகியிருந்தால், மண்ணின் ஆழத்தைக் குறைத்து, ஆவியாதலை ஒடுக்கி, ஓட்டத்தைப் பொருத்திக் காட்டிவிடும். விடை சரி, காரணம் தப்பு. அடுத்த ஈரமான வருடம் வரும்போது சாயம் வெளுக்கும்.

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு இல்லை என்பதற்கு கொலராடோ ஆறு. 1922 ஒப்பந்தத்தில் மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் வருடத்துக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என்று பிரித்தார்கள். ஒரு ஏக்கர்-அடி 43,560 கன அடி என்பதால், பத்து லட்சம் ஏக்கர்-அடி என்றால் 43.56 டி.எம்.சி. ஆக மொத்தப் பங்கீடு சுமார் 653 டி.எம்.சி.; மேட்டூர் நிறைந்தால் 93.47 என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1944-ல் மெக்சிகோவுக்கு இன்னும் 65 டி.எம்.சி. சிக்கல் என்னவென்றால், பங்கு போட்டவர்கள் கையில் இருந்த பதிவு வழக்கத்தைவிட ஈரமான சில வருடங்களுடையது. அந்த ஆற்றுப் படுகையின் மரங்களிலுள்ள ஆண்டு வளையங்களை வைத்து, அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஸ்டாக்டனும் அவரோடு ஜேக்கபியும் 1976-ல் போட்ட நீண்டகாலக் கணக்கு 135 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது 588 டி.எம்.சி. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த ஒரு கணக்கு இன்னும் முக்கியமானது. 2000–2014 ஆண்டுகளில் ஓட்டம் முந்தைய நூற்றாண்டுச் சராசரியைவிட 19 சதவீதம் குறைவு. மழையும் பனியும் குறைந்ததை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. அந்தக் குறைவில் மூன்றில் ஒரு பங்காவது வெப்பம் கூடியதால் வந்தது என்று 2017-ல் உடாலும் ஓவர்பெக்கும் எழுதினார்கள். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். ஆற்றை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்றே தெரியாது.

நம் ஊரில் இந்தக் கோடு அலுவலகங்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது: மழை முன்னறிவிப்பு வானிலைத் துறையிடம், வெள்ள முன்னறிவிப்பு மத்திய நீர் ஆணையத்திடம், அணைக் கதவு மாநிலத்திடம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தை வைத்து நடந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றத்தைப் பற்றியதுதான். படிப்பிலும் அப்படியே: ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்குத் தனித் துறை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல–கடல் அறிவியலுக்குத் தனி மையம். இரண்டிலும் நல்ல படிப்புதான். நடுவில் இருக்கும் பாலத்தை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

அரிசோனா போனாலும் பாலம் தானாகக் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டங்கள் நீரியல் தனி, வளிமண்டல அறிவியல் தனி. இரண்டுக்கும் நடுவே ஹைட்ரோமீட்டியராலஜி. நிலத்தடி நீர் மாசு, கிணற்று ஹைட்ராலிக்ஸ் என்று போக விரும்பினால் நீரியல் பட்டம் எடுத்து, எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்காமலே முடித்துவிட முடியும். அதில் தவறில்லை, ஆனால் அதற்கு இந்தத் துறையே வேண்டும் என்பதில்லை. வெள்ள முன்னறிவிப்பு, அணை இயக்கம், வறட்சி, பயிர்க் காப்பீடு இவற்றில் ஒன்று மனதில் இருந்தால் நடுப்பாதையை எடுங்கள். கால்வாய், குழாய், கட்டுமான வடிவமைப்புதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், சிவில் துறையின் நீர்வளப் பிரிவே பொருத்தம்.

சிவில்காரருக்கு மேனிங், அலகு நீர்வரைபடம், டார்சி என்று கால்வாய், வெள்ளம், நிலத்தடி நீர்க் கணக்குகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. திணறுவது மூன்று இடங்களில். முதலாவது, ஈரக்காற்றின் வெப்பஇயக்கவியல். பயிற்சிக்கு: 35 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை என்ன? பூரித நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல், உள்ளது அதில் 2.25, பனிநிலை 19 டிகிரி சொச்சம். டூசானின் ஜூன் மாதம் போல 40 டிகிரி, 10 சதவீதம் என்றால் பனிநிலை 3 டிகிரியை ஒட்டி வரும். காற்றின் தாகம், அதாவது பூரித அழுத்தத்துக்கும் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம், ஏறத்தாழ இரட்டிப்பு. இதைத் தாளில் கையால் போடத் தெரிந்தால் முதல் பருவத்துப் பயம் போய்விடும். இரண்டாவது, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். இளநிலையில் தேர்வுக்காகப் படித்தது போதாது. மூன்றாவது, தரவைக் கையாளுதல்: லினக்ஸ், பைத்தான், நெட்சிடிஎஃப் கோப்புகள், பழைய மாடல்களைத் திறந்தால் ஃபோர்ட்ரான்.

விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதம் கையில் இருக்கிறது என்றால் ஒன்று செய்யுங்கள். ஓட்டப் பதிவு நம்பகமாக உள்ள ஒரு நீர்ப்பிடிப்பை எடுங்கள். அமெரிக்காவின் 671 நீர்ப்பிடிப்புகளின் தரவு கேமல்ஸ் என்ற தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே இடத்துக்கு ஈ.ஆர்.ஏ.-5 மறுபகுப்பாய்விலிருந்து (பழைய அளவீடுகளையும் வானிலை மாடலையும் இணைத்து உருவாக்கிய தொகுப்பு) பத்து வருட மழையும் ஆவியாதலும் இறக்குங்கள். மழை மில்லிமீட்டரில் இல்லாமல் மீட்டரில் இருக்கும். ஆவியாதல் எதிர்க்குறியோடு வரும், ஏனென்றால் அங்கே கீழ்நோக்கிப் போவதுதான் நேர்க்குறி. மாதச் சராசரிக் கோப்பாக எடுத்தால் எண் ஒரு நாளுக்கானது. மாதத்தின் நாட்களால் பெருக்க வேண்டும். இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு, மழையிலிருந்து ஆவியாதலைக் கழித்து அளந்த ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாது. எந்த மாதங்களில் அதிகம் பொருந்தவில்லை, அது பனி உருகும் காலமா, வெப்பச்சலன மழைக் காலமா, மழையின் குறையா, ஆவியாதலின் குறையா என்று இரண்டு பக்கம் எழுதி, பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலோடு வரைபடத்தையும் சேர்த்து இணைத்து விடுங்கள்.